வென்டிலேட்டரை எடுத்தால் கொலையா?

கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவர் ஐசியூவில் படுத்துவிட்டால் இரண்டு குரல்கள் கட்டாயம் எழும். "கடைசி மூச்சு வரைக்கும் எல்லாம் செய்யணும், எதை நிறுத்தினாலும் கொலை" என்பது ஒன்று. "இவ்வளவு வேதனை எதுக்கு, ஒரு ஊசியில் முடிச்சுடலாமே" என்பது இன்னொன்று. முதலாவதுதான் திருச்சபையின் போதனை என்று இரண்டு தரப்பாரும் நம்புகிறார்கள். ஒருவர் அதைக் காப்பாற்ற நினைக்கிறார், மற்றவர் அதன்மேல் கோபப்படுகிறார். திருச்சபை சொல்வது இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்லாததால் எத்தனையோ வீடுகளில் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் அப்பாவின் கடைசி வாரங்களை நான் எழுதுவது இதற்காகத்தான்.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் பங்குக் கோயிலில் மறைக்கல்வி, அதாவது திருச்சபைப் போதனை வகுப்பு, நடத்துகிறவன். அப்பாவுக்கு வெகுகாலமாக சிஓபிடி, அதாவது நுரையீரல் மெல்ல மெல்லத் திறன் இழக்கும் நோய். இன்ஹேலரும் வீட்டில் ஒரு ஆக்சிஜன் கருவியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் நிமோனியா வந்ததும் நிலைமை கைமீறிப் போய்விட்டது.

மருத்துவமனையில் சேர்த்த அன்றே பங்குத்தந்தையைக் கூப்பிட்டோம். அம்மாவுக்குத் தயக்கம். "சாமியாரைப் பார்த்தா நம்ம கதை முடிஞ்சுதுன்னு பயந்துடுவாரே" என்றார். இந்தப் பயம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலை அவஸ்தை பூசுதல் என்று சொல்லிப் பழகிய தலைமுறை அது, சாகப்போகிறவருக்குத்தான் எண்ணெய் பூசுவார்கள் என்று நினைக்கிறது. ஆனால் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே நோயில்பூசுதலைப் பெறத் தக்க காலம் வந்துவிடுகிறது. இதில் நடைமுறைக் காரணமும் உண்டு. தொண்டையில் குழாய் இறங்கிய பிறகு பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது. அப்பா முகமூடியை இறக்கி இறக்கி, மூச்சு வாங்க வாங்க, தன் பாவங்களைச் சொன்னார். நாங்கள் வெளியே நின்றோம். மறுநாள் அவரை வென்டிலேட்டரில் போட்டார்கள்.

போட்டது சரியான முடிவுதான். நிமோனியா குணமாக வாய்ப்பு இருந்தது. இங்கே பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. "ஒருமுறை மாட்டினா கழற்ற முடியாதாம், அதனால மாட்டவே வேண்டாம்" என்று பயந்து, பிழைக்கக்கூடியவரையும் விட்டுவிடுகிறார்கள். கத்தோலிக்க ஒழுக்கவியலில் ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதற்கும் தொடங்கிவிட்டு நிறுத்துவதற்கும் அடிப்படையில் வேறுபாடு கிடையாது. பலன் இருக்கிறதா, பாரம் எவ்வளவு என்ற அதே கேள்விகள்தான் இரண்டுக்கும். அதனால், சில நாள் வைத்துப் பார்ப்போம், பலன் தெரியாவிட்டால் மறுபடி பேசுவோம் என்று தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். நாங்கள் அப்படித்தான் சொன்னோம்.

பலன் தெரியவில்லை. சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம், டயாலிசிஸ் தொடங்கலாம் என்றார் மருத்துவர். அவரே, நுரையீரல் இனித் திரும்பாது என்றும் சொன்னார்.

அன்று மாலை மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ஐசியூ வாசலில் நின்று இந்தப் பேச்சைப் பேசக் கூடாது, நோயாளியின் கட்டிலருகே அறவே கூடாது. மயக்கத்தில் இருப்பவர் காதில் என்ன விழுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? அண்ணன் தினமும் பூசைக்குப் போகிறவர். நேரே விஷயத்துக்கு வந்தார். "தம்பி, மிஷினை நிறுத்தச் சொல்லிட்டு நாளைக்கு ஆண்டவர் முன்னாடி நின்னு என்ன பதில் சொல்வே? கொலை செய்யாதேன்னுதானே ஐந்தாம் கட்டளை சொல்லுது?"

பையில் இருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2278-ஆம் எண்ணை அவரையே வாசிக்கச் சொன்னேன். பாரமான, ஆபத்தான, வழக்கத்துக்கு மீறிய, எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சைகளை நிறுத்துவது முறையானதாக இருக்கலாம் என்கிறது அது. அப்படி நிறுத்துகிறவர் சாவை விரும்பவில்லை, தன்னால் அதைத் தடுக்க முடியவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறார். நோயாளிக்குத் தெளிவு இருந்தால் முடிவு அவருடையது. இல்லையென்றால் அவர் சார்பில் பேச உரிமை உள்ளவர்கள், அவருடைய நியாயமான விருப்பத்தை மதித்து முடிவெடுக்க வேண்டும்.

அண்ணன் நம்பவில்லை. இது இப்போதைய காலத்துக்காக வளைத்த சட்டமோ என்ற சந்தேகம் அவருக்கு. நியாயமான சந்தேகம்தான், நம்மில் பலருக்கும் வருவது. ஆனால் இது மிகப் பழைய போதனை. 16-ஆம் நூற்றாண்டில், வென்டிலேட்டரைக் கனவில்கூட யாரும் காணாத காலத்தில், ஸ்பெயின் நாட்டின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன தொமினிக்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதே கேள்வியை எடுத்துப் பேசினார். உயிரைக் காக்க ஒருவர் எதுவரை கடமைப்பட்டவர்? கோழிக்கறி போன்ற விலை உயர்ந்த உணவைத் தின்றால் ஆயுள் கூடும் என்று வைத்தியர் சொன்னாலும், அதைத் தின்றே தீர வேண்டும் என்ற கடமை இல்லை, சாதாரண மனிதர் சாப்பிடுவதைச் சாப்பிட்டால் போதும் என்றார் அவர். 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசும்போது செயற்கைச் சுவாசக் கருவி பற்றிய கேள்விக்கே பதில் சொன்னார்: ஆள், இடம், காலம், சூழல் ஆகியவற்றைப் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ கடும் பாரமாகாத சாதாரண வழிகளைக் கையாளத்தான் கடமை உண்டு. அதற்கு மேல் செய்ய விரும்புகிறவர் செய்யலாம், கட்டாயம் இல்லை.

அப்போது அண்ணன் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "அப்போ வென்டிலேட்டர் எப்பவுமே தேவையில்லாததா?" இல்லவே இல்லை. நல்ல பாம்பு கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்த இளைஞனுக்கு வென்டிலேட்டர் போட்டால், விஷம் இறங்கிய பிறகு எழுந்து வீட்டுக்கு நடந்து போவான். அவனுக்கு அதை மறுப்பது பெரும் பாவம். கருவி ஒன்றுதான், ஆனால் இந்த மனிதருக்கு, இந்த நிலையில், அது என்ன தருகிறது, என்ன எடுத்துக்கொள்கிறது என்பது மாறுகிறது. மருத்துவர் பலனைச் சொல்வார். பாரத்தைச் சொல்ல வேண்டியவர் நோயாளி.

அப்பா அதைச் சொல்லியும் இருந்தார். சில வருடங்களுக்கு முன்பு தன் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "என்னைக் குழாயில கட்டிப்போட்டு வெச்சிருக்காதீங்க. அதுக்காகப் பட்டினி போட்டும் விட்டுடாதீங்க" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களில் திருச்சபைப் போதனையின் பெரும்பகுதி அடங்கிவிட்டதாக எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அதை அண்ணனும் கேட்டிருந்தார். அவரை அசைத்தது நான் காட்டிய எண் 2278-ஐவிட அப்பாவின் அந்தச் சொல்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவன் அக்கா மகன். பெங்களூரில் வேலை, கடவுள் நம்பிக்கை இல்லாதவன், தாத்தாமேல் உயிரையே வைத்திருந்தவன். "மாமா, மிஷினை எடுத்தா தாத்தா சாவார்னு உங்களுக்குத் தெரியும். ஊசி போட்டாலும் சாவார். முடிவு ஒண்ணுதானே? ஊசின்னா வேதனை இல்லாம சீக்கிரம் முடியும். நீங்க சொல்ற வித்தியாசம் உங்க மனசாட்சிக்கு மட்டும்தான் உதவும், தாத்தாவுக்கு உதவாது."

நம்பிக்கை இல்லாதவரிடம் திருவிவிலிய வசனத்தோடு பேச்சைத் தொடங்கினால் அங்கேயே கதவு சாத்தப்படும். அவன் வைத்தது தத்துவ வாதம், அதற்குத் தத்துவமாகவே பதில் இருக்கிறது. 1975-இல் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் வைத்த வாதம்தான் இது. சொத்துக்காக ஒரு சிறுவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான் ஒருவன். இன்னொருவனும் கொல்லத்தான் வருகிறான், ஆனால் சிறுவன் தானே வழுக்கி விழுந்து மூழ்குவதைப் பார்த்தபடி சும்மா நிற்கிறான். இரண்டாமவன் எந்த வகையில் மேல்? எனவே கொல்வதும் சாக விடுவதும் ஒன்றே என்கிறது வாதம்.

நான் அவனிடம் சொன்னது இது. இந்தக் கதையில் திருச்சபை ரேச்சல்ஸோடு ஒத்துப்போகிறது. இரண்டு பேரும் கொலைகாரர்கள்தான். 1980 மே 5 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, கருணைக்கொலை என்பது தன் இயல்பாலோ நோக்கத்தாலோ சாவை விளைவிக்கும் செயல், அல்லது செய்யாமல் விடுதல் என்றே வரையறுக்கிறது. கையை அசைத்தோமா சும்மா இருந்தோமா என்ற இடத்தில் திருச்சபை கோடு போடவில்லை. எதை விரும்பிச் செய்தோம் என்ற இடத்தில் போடுகிறது. அந்த இரண்டு பேருமே சிறுவன் சாக வேண்டும் என்று விரும்பினார்கள். நாம் தாத்தா சாக வேண்டும் என்று விரும்புகிறோமா?

"விரும்பலைன்னு யார் வேணும்னாலும் சொல்லலாமே" என்றான். சரி, அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் தாத்தா மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் நாம் என்ன செய்வோம்? சந்தோஷப்படுவோம், வீட்டுக்குக் கொண்டுபோவோம், உணவு கொடுப்போம். நம் திட்டம் எதுவும் தோற்றுப்போகாது. ஊசி போட்டும் அவர் சாகவில்லையென்றால் ஊசி போட்டவர் இன்னொரு ஊசியைத் தேடுவார், ஏனென்றால் அவர் செய்த காரியமே சாவுக்காகத்தான்.

இது கற்பனையும் இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கேரன் குயின்லன் என்ற இளம்பெண் 1975-இல் நினைவிழந்தாள். பெற்றோர் கத்தோலிக்கர். பங்குக் குருவிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, வென்டிலேட்டரை நீக்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய ஆயரும் ஆதரவாக நின்றார். 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கருவியை மெல்ல மெல்ல நீக்கினார்கள், ஆனால் கேரன் சாகவில்லை. தானாகவே மூச்சுவிட்டு 1985 ஜூன் வரை உயிரோடு இருந்தாள். அந்த ஒன்பது வருடமும் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்தது, அதை நிறுத்தும்படி பெற்றோர் கேட்கவே இல்லை. அவர்கள் மகளின் சாவைத் தேடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவன் யோசித்தான். ஆனாலும், "ஒருத்தர் தானே விரும்பிக் கேட்டா?" என்ற கேள்வியை விடவில்லை. என் மனதில் இருந்ததைச் சொன்னேன். நம் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற ஒன்றைப் பற்றி 2010 வாக்கில் செய்தித்தாள்கள் பரவலாக எழுதின. படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் சாகடிக்கும் வழக்கம் அது. அதையும் குடும்பத்தார் கருணை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீர் கேட்கவே "உனக்குத் தொந்தரவாப்பா?" என்று தயங்குகிறவர்கள். சாகக் கேட்பது ஓர் உரிமை என்று ஆகிவிட்டால், கேட்காமல் இருப்பதே சுயநலம் என்று அவர்கள் நினைக்க எத்தனை காலம் ஆகும்? இதற்கு, சட்டத்தில் பாதுகாப்பு வைக்கலாம் என்றான் அவன். அந்த இடத்தில் எங்களுக்கு இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் தாத்தாவுக்கு என்ன செய்வது என்பதில் அன்று ஒரே முடிவுக்கு வந்தோம்: கழுத்துத் துளை வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், வென்டிலேட்டரை எடுக்கலாம், மூச்சுத்திணறல் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொன்னபடி செய்வதுதான் கடினமாக இருந்தது. "எங்க ஹாஸ்பிட்டல்ல அப்படிச் செய்யறதில்லை, எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இதுதான் நம் நாட்டில் அன்றாடம் நடப்பது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். பாதி வழியில் மூச்சுக்குத் துடிக்கிறார் மனிதர், ஒரு சொட்டு மருந்து கையில் இல்லை. வென்டிலேட்டரை எடுப்பது பாவமா என்று வாதாடும் நாம், இந்தத் துடிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. மறைக்கல்வி 2279-ஆம் எண் இதைப் பற்றித்தான்: சாவு நெருங்கிவிட்டாலும் நோயாளிக்கு உரிய சாதாரணப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது, வேதனை தணிக்கும் பராமரிப்பு தன்னலமற்ற அன்பின் தனிச்சிறந்த வடிவம். எழுதிக் கொடுப்பதற்கு முன்பு, வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்க யார் வருவார், எந்த மருந்து, எந்த அளவு என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். நாங்கள் வேதனை தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவு உள்ள இன்னொரு மருத்துவமனைக்கு வென்டிலேட்டரோடேயே மாற்றினோம்.

அங்கே சட்டப்படி செய்தார்கள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு வழி திறந்தது. அந்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. மூன்று மருத்துவர்கள் கொண்ட முதல் குழு பார்க்க வேண்டும், மூன்று பேர் கொண்ட இரண்டாம் குழு உறுதிசெய்ய வேண்டும், குடும்பத்தின் சம்மதம் வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

வலியும் திணறலும் தணிக்க மார்ஃபின் மருந்து என்றதும் அண்ணன் மறுபடி நிமிர்ந்தார். அது மூச்சை அடக்கிக் கொன்றுவிடும் என்ற பயம் ஒன்று. "வேதனையை இயேசுவோட பாடுகளோட சேர்த்து ஒப்புக்கொடுக்கட்டுமே" என்ற எண்ணம் இன்னொன்று. முதல் பயத்துக்கு மருத்துவரே பதில் சொன்னார்: சிறிய அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டினால், அது திணறலைத்தான் தணிக்கும். அளவு மீறிக் கொடுத்துக் கொல்வது வேறு காரியம். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்றை நாடுகிறோம், மற்றது நம் நோக்கத்துக்குப் புறம்பானது என்ற பாகுபாட்டைத் தற்காப்பு பற்றி எழுதும்போது புனித தாமஸ் அக்குவினாஸ் வைத்தார். அந்த அடிப்படையில்தான் 1957 பிப்ரவரியில் பன்னிரண்டாம் பயஸ், வேறு வழி இல்லாதபோது, ஆயுள் குறையக்கூடும் என்று தெரிந்தாலும், வலி தணிக்கும் மருந்து கொடுக்கலாம் என்றார். நோயாளி செய்ய வேண்டிய கடமைகளுக்கு அது இடையூறாகக் கூடாது என்ற நிபந்தனையும் வைத்தார். பாவசங்கீர்த்தனம் முன்பே முடிந்திருந்ததன் அருமை அப்போது புரிந்தது.

இரண்டாவது எண்ணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வேகமே வந்தது. வேதனையை ஒப்புக்கொடுப்பது மேலான காரியம், அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் ஒப்புக்கொடுக்க வேண்டியவர் வேதனைப்படுகிறவர். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அடுத்தவரின் வேதனையை ஒப்புக்கொடுக்க முடியாது. 1980 அறிக்கையும், மருந்தைக் குறைத்துக்கொண்டு வேதனையை ஏற்கும் கிறிஸ்தவர்களை மதிக்கிறது. அதையே எல்லாருக்கும் பொது விதியாக்குவது விவேகம் ஆகாது என்கிறது.

உணவு பற்றி அம்மாதான் கேட்டார். மூக்குக் குழாய் வழியே போன உணவை நிறுத்தச் சொல்லவில்லை. உணவும் தண்ணீரும், குழாய் வழியே கொடுத்தாலும், கொள்கை அளவில் சாதாரணப் பராமரிப்பு என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 2004-இல் சொன்னார். 2007-இல் பேராயம் அதை உறுதிசெய்தபோது, உடல் அதை ஏற்றுக்கொள்ள முடியாத நிலையில் அந்தக் கடமை இல்லை என்பதையும் விளக்கியது. கடைசியில் அப்பாவின் வயிறு எதையும் ஏற்கவில்லை, கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. அப்போது குறைத்தார்கள், வாயை நனைத்துக்கொண்டே இருந்தோம்.

வென்டிலேட்டரை எடுத்த பிறகு அப்பா திணறவில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம், அண்ணன் முன்செபம் சொன்னார். மறுநாள் விடியும் முன் போய்விட்டார்.

அதன் பிறகு அன்பியக் கூட்டங்களில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டங்களில், இதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கடைசிக்காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் இப்போது போதும். கத்தோலிக்கர் எழுதும்போது நான்கு காரியங்கள் இருக்கட்டும்: குணமாகும் நம்பிக்கை இல்லாதபோது சாவைத் தள்ளிப்போட மட்டுமே செய்யும் சிகிச்சை வேண்டாம், உடல் ஏற்கும்வரை உணவும் தண்ணீரும் வேண்டும், வலி தணிக்க வேண்டும், சாவை வரவழைக்கும் எதையும் செய்யக் கூடாது. நற்கருணை கொண்டுவர யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் பணத்தைப் பற்றியதுதான். நிலத்தை விற்றாச்சு, நகையை வைத்தாச்சு, இன்னும் ஐசியூ பில் ஓடுகிறது, பணம் இல்லை என்பதற்காக நிறுத்தினால் பாவமா என்று குரல் தாழ்த்திக் கேட்பார்கள். 1980 அறிக்கை இதைத் தவிர்க்காமல் பேசுகிறது. குடும்பத்தின்மேல் மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒருவர் சிகிச்சையை மறுத்தால் அது தற்கொலைக்குச் சமம் ஆகாது. அந்த விருப்பம் நோயாளியுடையதாக இருக்க வேண்டும், அல்லது அவரை நன்கு அறிந்தவர்கள் மனசாட்சியோடு சொல்வதாக இருக்க வேண்டும். பிழைக்க நல்ல வாய்ப்புள்ள சிகிச்சைக்கு, பணம் இருந்தும் தர மனமில்லாத பிள்ளை இதைச் சாக்காக எடுக்க முடியாது. கடன் வாங்கியும் நுரையீரல் திரும்பாது என்று தெரிந்த மகள், இரவெல்லாம் தன்னைக் குற்றவாளியாக நினைத்து அழ வேண்டியதும் இல்லை. அவளிடம் நான் முதலில் கேட்பது, அப்பாவுக்கு இப்போது வலி இருக்கிறதா என்பது. இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சிகிச்சை செவிலியரை ஆரம்ப சுகாதார நிலையம் மூலம் கேட்கச் சொல்கிறேன், மாவட்ட அரசு மருத்துவமனையில் மார்ஃபின் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்கிறேன். பங்குத்தந்தையை அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன்.